வே. மீ. மன்னனின் மயானம்

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஜெயரட்ணம் எதை எதையோ நினைத்து அழுதார். வாளிக் கக்கூசை நினைத்து அழவில்லை. வளவின் கோடியில் தகரக் கொட்டில், உள்ளே பலகை, பலகைக்குக் கீழே வாளி, விடிந்தால் வாளியை எடுக்க ஒரு மனிதன். இந்த அழகை இனிமேல் காணமாட்டோம் என்ற சந்தோஷத்தோடு ஐயாயிரம் மைல் பறந்து மெல்பனுக்கு வந்து, நோபல் பார்க்கில் ஒரு பலகை வீடும் வாங்கி, பின்கதவைத் திறந்து பார்த்தால், வளவின் கோடியில் தகரக் கொட்டில். உள்ளே பலகை. பலகைக்குக் கீழே குனிந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. கிழமைக்கு ஒரு தரம் வாளியை எடுக்க ஆள் வரும் என்று வீட்டை விற்றவர் பெருமையாகச் சொன்னார்.

அது எழுபத்தாறாம் ஆண்டு. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஏழு வருடம் முடிந்திருந்தது. ஆனால் அந்தத் தெருவுக்குக் கழிவுக்குழாய் வர "இன்னும் கொஞ்சம்" பொறுக்கவேண்டும் என்று நகரசபை வருடா வருடம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவழியாக யூலை மாதம் தெருவில் பெரிய குழாய் பதித்தார்கள். இனி அதிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்னக் குழாய் இழுத்தால் சரி; வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், மேலே தொட்டி, இழுக்கச் சங்கிலி.

ஜெயரட்ணத்தின் மனைவி சத்தியபாமாவுக்கு அப்போது ஏழு மாதம். வெளியே குளிர் என்றால் சும்மா குளிர் அல்ல, எலும்பைப் பிடித்து உலுப்புகிற குளிர். மழையில் குடையும் பிடித்து, வழுக்குகிற புல்லில் கால் வைத்து, ஒரு நாளைக்கு எட்டுத் தரம் வளவின் கோடிக்கு நடந்தாள் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி.

"இஞ்சருங்கோ, பிள்ளை பிறக்க முதல் எனக்கு வீட்டுக்குள்ளை ஒரு கக்கூஸ் வேணும். காப்புக் கேட்டனானோ? சீலை கேட்டனானோ?"

"கேக்கேல்லை."

"அப்ப?"

"திங்கக்கிழமை கிடங்கு கிண்ட வருகினம். இன்னும் பத்து நாள். நீர் பேசாமல் இரும்."

பத்து நாள் என்று சொன்ன வாயை அவர் பிறகு எத்தனையோ தரம் திட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. ஆட்களும் சொன்னபடி வந்தார்கள். அதுவே ஓர் அதிசயம். ஜெயரட்ணம் ஒரு பொறியியல் கம்பனியில் படம் வரைகிற உத்தியோகம். பின்னேரம் ரயிலால் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் பொலிஸ் கார். வளவுக்குள் பாதிக் கிடங்கு. கிடங்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செத்தவீட்டில் நிற்பதுபோலத் தலைகுனிந்து நின்றார்கள். கிடங்குக்குள்ளே ஒரு குவியல் எலும்பு. எலும்பின் நடுவே பச்சை பிடித்த ஒரு பாத்திரம்.

ஜெயரட்ணத்துக்கு அந்த எலும்பையும் தெரியும், பாத்திரத்தையும் தெரியும். இரண்டையும் புதைத்தவரே அவர்தானே.

நடந்தது இதுதான். சித்திரை வருசப்பிறப்புக்கு மறுநாள், அவருடைய கூட்டாளி சிறி டண்டினோங் சந்தையில் ஓர் ஆட்டுக்கிடாயை வாங்கி, காரின் பின்சீற்றில் மனிசரைப்போல இருத்திக்கொண்டு வந்து இறங்கினான். மெல்பன் இறைச்சிக்கடையில் ஆடு என்றால் செம்மறி மட்டுமே கிடைத்த காலம், நாக்குச் செத்துப்போயிருந்தது. வீட்டு வளவில் ஆடு அடிப்பது நகரசபைச் சட்டப்படி குற்றம் என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அதனால் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு அடித்தார்கள். இரத்த வறைக்கு இரத்தம் பிடிக்க ஒரு ஏனம் வேண்டுமென்று குசினிக்குள் ஓடிய சிறி, கண்ணில் பட்ட மூக்குப்பேணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மூக்குப்பேணி என்றால், ஒரு பக்கம் கெண்டி மாதிரி மூக்கு வைத்த பித்தளைக் குவளை. வாய் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது. அது சத்தியபாமாவின் தாய் மீனாம்பாளுடையது. மகளின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டது. மீனாம்பாள் சுத்த சைவம். சத்தியபாமா ஆட்டுக்கறியை எலும்போடு கடித்துச் சாப்பிடுவாள், ஆனால் தாயின் பேணி சைவம். இரத்தம் ததும்பும் பேணியைக் கண்டதும் அவள் போட்ட கூச்சலில் ரேடியோ கேட்கவில்லை. "உது இனி என்ர குசினிக்குள்ளை வரப்படாது!" ஆகவே எலும்போடு எலும்பாகப் பேணியும் மண்ணுக்குள் போனது. மூன்று மாதத்தில் நல்ல கரும்பச்சையாகக் களிம்பும் பிடித்துவிட்டது.

"இந்த வீட்டுக்காரர் நீங்களா?" என்று கேட்டார் ஒருவர். ஈர்க்கில் மாதிரி ஒல்லி. கையில் மூன்று அடையாள அட்டை. "நான் பில்பீம். முன்னோர் மரபுப் பாதுகாப்புச் சபையின் தளப் பொறுப்பதிகாரி. உட்காருங்கள். உங்களுக்கு ஒரு பெரிய செய்தி."

ஜெயரட்ணம் உட்காரவில்லை. தண்டப் பணமா, சிறையில் மறியலா என்று மட்டும் யோசித்தார்.

"உங்கள் வளவில்," பில்பீமின் குரல் தழுதழுத்தது, "ஓர் ஆங்கிலோ-சாக்சன் வீரன் துயில்கிறான்."

சாக்சன்கள் என்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னர் கடல் கடந்து போய் இங்கிலாந்தில் குடியேறிய கூட்டம். ஆங்கிலேயருக்குப் பாட்டனுக்குப் பாட்டன். செத்தவனோடு வாள், கேடயம், கிண்ணம் எல்லாம் சேர்த்துப் புதைக்கிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் நோபல் பார்க்குக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்கத்தான் ஜெயரட்ணம் வாயைத் திறந்தார். உடனே ஆட்டின் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அன்று மூடிய வாய்க்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாளே சபையின் பேராசிரியர் வந்தார். கிடங்குக்குள் குப்புறப் படுத்து இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு எழும்பி, கோட்டில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் தீர்ப்புச் சொன்னார். மண்ணும் புனிதமாம்.

"குள்ளமான வீரன். ஆனால் எப்பேர்ப்பட்ட வீரன்! எலும்பைப் பாருங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குல நீளத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. எழுபது வெட்டு வாங்கியும் புறமுதுகு காட்டவில்லை. தலையைக் காணவில்லை. எதிரி வெற்றிச் சின்னமாகக் கொண்டுபோயிருக்கிறான்."

பக்கத்தில் நின்ற சிறி மெல்ல ஜெயரட்ணத்தின் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, தலையை நான்தான் கொண்டு போய் சூப்பு வைச்சனான்."

"சத்தம் போடாதை!"

எலும்பை ஒரு வைத்தியரிடம் காட்டலாமே என்று பொலிஸ்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். வைத்தியர்கள் உயிருள்ளவர்களோடு பழகிப் பழகிக் கெட்டுப்போனவர்கள், அவர்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பிறகு பேணியைக் கையில் எடுத்தார். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. வேலுப்பிள்ளை மகள் மீனாம்பாள்: வே. மீ. பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் எந்தத் தாய் மகளுக்குச் சீதனம் கொடுப்பாள்?

பேராசிரியர் அழுதேவிட்டார். "சாக்சன்களின் ரூன் எழுத்து!"

"ரூன் எழுத்தெல்லாம் நேர்கோடு என்றுதானே படித்தோம்? இது முழுக்க வளைவாக இருக்கிறதே," என்றார் பில்பீம்.

"அதுதான் விசேஷம். நேராகக் கோடு போடப் பழகுவதற்கு முந்திய காலம். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்குக் குறையாது. முதலெழுத்தில் சுருண்டு கிடப்பது பாம்பு. இரண்டாவது எழுத்து அரசனின் மண்டபம். மேலே சுழித்துக்கொண்டு போவது அடுப்புப் புகை. ஆக, இவன் வெறும் வீரனல்ல. மன்னன்."

மன்னனுக்கு ஓஸ்கிரிம் என்று பெயரும் வைத்தார்கள். எழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் பெயரை உணர முடிகிறதாம்.

அந்தக் கிழமையே வளவில் கம்பி வேலி விழுந்தது. "பாதுகாக்கப்பட்ட தொல்லியற் களம். அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்" என்று பலகை. கிடங்கு வேலை நிறுத்தம். களத்தின் எல்லை மன்னனின் நெஞ்செலும்பிலிருந்து நாற்புறமும் முப்பது யார் தூரம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அளந்து பார்த்தார்கள். தகரக் கொட்டில் சரியாக இருபத்தெட்டாவது யாரில் நின்றது.

சத்தியபாமா குடையோடு போய்ப் பூட்டிய படலையில் முட்டிக்கொண்டு நின்றாள். "இதென்ன அநியாயம்! நான் எங்கை போறது?"

பில்பீம் கல்நெஞ்சர் அல்ல. பையிலிருந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். களத்துக்குள் நுழைய அனுமதி கோரும் படிவம், மூன்று பிரதி. ஜெயரட்ணம் குசினி மேசையில் இருந்து நிரப்பினார். வருகையின் நோக்கம்? யோசித்துவிட்டு "அவசரம்" என்று எழுதினார். துறைசார்ந்த தகைமை? "இருபத்தொன்பது வருட அனுபவம்." களத்தில் தங்கும் உத்தேச நேரம்? "நிலைமையைப் பொறுத்தது." களத்திலிருந்து ஏதாவது பொருளை வெளியே கொண்டு செல்வீர்களா? "இல்லை." களத்தில் ஏதாவது பொருளை விட்டுச் செல்வீர்களா?

இங்கேதான் பேனா நின்றது. ஜெயரட்ணம் பொய் சொல்லிப் பழகாதவர். "ஆம்" என்று எழுதினார்.

பதினாறு நாள் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. களத்தில் அந்நியப் பொருள் சேர்ப்பது எதிர்கால ஆய்வாளர்களைக் குழப்புமாம்.

இன்னொரு பக்கத்தில் வாளிக்காரன் பாடு. பதினைந்து வருடமாக வாளி எடுக்கிற மனிதன், வழக்கம்போல வியாழக்கிழமை வந்து, படலையைத் திறப்பித்து உள்ளே போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாதுகாக்கப்பட்ட களத்திலிருந்து ஒரு பிடி மண்கூட வெளியே போகக்கூடாது, எல்லாவற்றையும் அரித்துப் பார்த்துப் பட்டியலிட்ட பிறகுதான் விடலாம் என்று பில்பீம் சொன்னார். வாளிக்காரன் மறுபேச்சில்லாமல் வாளியை அவர் காலடியில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். அரித்துப் பட்டியலிடும் வேலை பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பட்டதாரிக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அன்று மத்தியானமே வேலையை விட்டுவிட்டு, இப்போது காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நன்றாக இருப்பதாகக் கேள்வி.

சத்தியபாமா மூன்று தெரு தள்ளி சிறி வீட்டுக்கு நடந்தாள். அவன் தெருவுக்குக் குழாய் எப்போதோ வந்துவிட்டது. காலையில் ஒரு தரம், மத்தியானம் இரண்டு தரம், பின்னேரம் மூன்று தரம். ஒரு நாள் பாதி வழியில் மழையில் நின்று விம்மி விம்மி அழுதாள். தேடிக்கொண்டு வந்த ஜெயரட்ணத்தைக் கண்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆட்டுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறியளோ?"

அந்தக் கேள்வி அவரைச் சுட்டது. தண்டம் என்றால் தண்டம், மறியல் என்றால் மறியல் என்று மறுநாள் காலை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் சபையின் வாசலில் நின்றார்.

"மிஸ்டர் பில்பீம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஆடு. சித்திரை மாதம் நான்தான் அடித்தேன். பாத்திரம் என் மாமியாருடையது. எழுத்து தமிழ்."

பில்பீம் பரிவோடு அவரைப் பார்த்தார். "உங்கள் மனநிலை எனக்கு விளங்குகிறது. புதிதாக வந்தவர்கள் இந்த நாட்டின் வரலாற்றில் ஒரு பங்கு வேண்டுமென்று ஆசைப்படுவது இயற்கை."

"பங்கு வேண்டாம். கக்கூஸ் வேண்டும்."

"அப்படியானால் இது ஆட்சேபனை. படிவம் ஒன்பது." பேனாவைத் திறந்தார். "அந்த எழுத்தை உங்களால் வாசிக்க முடியும் என்கிறீர்கள். எப்போதிருந்து?"

"ஐந்து வயதிலிருந்து."

"ரூன் எழுத்து வாசிக்கும் சான்றிதழ் இருக்கிறதா?"

"இல்லை."

"ஆகவே உங்களால் வாசிக்க முடியாது."

"உங்கள் பேராசிரியராலும் வாசிக்க முடியவில்லையே!"

"உண்மை. ஆனால் அவருக்குச் சான்றிதழ் இருக்கிறது. வாசிக்க முடியாமல் இருப்பதற்கு அவருக்குத் தகைமை உண்டு, உங்களுக்கு இல்லை." பில்பீம் பக்கத்தைப் புரட்டினார். "அடுத்தது இந்தக் கொலை. ஆட்டை அடித்ததாக நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை, தலை இல்லாதபடியால். மன்னனை அடித்ததாகச் சொல்வதென்றால் நான் பொலிசைக் கூப்பிட வேண்டும். எதை எழுதட்டும்?"

ஜெயரட்ணம் எழுந்து வந்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவனைக் குற்றவாளி என்று ஏற்றுக்கொள்ள மறுக்கிற அலுவலகத்தை அவர் இலங்கையிலேயே கண்டதில்லை.

ஓகஸ்ட் கடைசியில், மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மூன்று மாத விசாவில் மீனாம்பாள் மாமி வந்து இறங்கினார். குடிவரவு அலுவலர் விமான நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக் கேள்வி கேட்டாராம்: திரும்பிப் போவீர்களா, நிச்சயமாகப் போவீர்களா, எப்போது போவீர்கள். வீட்டுக்கு வந்த மாமி முகம் கழுவிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி "கக்கூஸ் எங்கை?" அதற்குச் சிறி வீட்டுக்கு வழி காட்டினார்கள். திரும்பி வந்து கேட்ட இரண்டாவது கேள்வி:

"பிள்ளை, என்ர மூக்குப்பேணி எங்கை?"

சத்தியபாமா புருசனைப் பார்த்தாள். புருசன் கூரையைப் பார்த்தார்.

"மியூசியத்திலை இருக்கம்மா," என்றாள். "சனம் வரிசையிலை நிண்டு பாக்குது."

மாமி நம்பவில்லை. நேரில் பார்த்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தார். அந்தச் சனிக்கிழமைதான் ஓஸ்கிரிம் மன்னன் கண்காட்சியின் திறப்பு விழா. காணிக்காரர் என்ற முறையில் ஜெயரட்ணத்துக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது. நிற்பதற்கான அழைப்பு, இருக்கை கிடையாது.

மண்டபம் நிறையத் தொப்பியும் கோட்டும். நடுவில் கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் மெத்தை, மெத்தையில் பேணி. சபைத் தலைவர் மேடையேறினார்.

"சீமாட்டிகளே, கனவான்களே! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு பழைமை இல்லாமல் நாங்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. மீன் பொரித்து விற்கிற கிரேக்கனுக்குக்கூட இரண்டாயிரம் வருடக் கோயில் இருக்கிறது. எங்களுக்கு இருந்ததெல்லாம் செம்மறிக்குக் கம்பளி கத்தரிக்கிற நூறு வருடத்துக் கொட்டகை. அதற்கும் கறையான். இன்று அந்தக் குறை தீர்ந்தது! நாங்கள் வருவதற்கு முன்னால் இங்கே யாரும் இருக்கவில்லை என்றுதான் இதுவரை பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்து வந்தோம். இனிமேல், அந்த யாருமே இல்லாத காலத்திலும் இருந்தவர்கள் நாங்களே என்று சொல்லிக்கொடுப்போம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கியபோது கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கடவுளே, என்ர பேணி! புளி போட்டு மினுக்காமல் என்ன கோலத்திலை வைச்சிருக்கிறாங்கள், பாழாய்ப்போவார்! எடுங்கோ வெளியிலை!"

மாமி கண்ணாடியைத் தட்டத் தொடங்கிவிட்டார். ஜெயரட்ணம் பாய்ந்து போய்க் கையைப் பிடித்து, காலைப் பிடிக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் விருந்தினர் புத்தகம். கையெழுத்து வைக்காமல் யாரும் வெளியே போகக்கூடாதாம். மாமி ஆத்திரத்தோடு பேனாவைப் பிடுங்கி, பேணியில் உள்ளதுபோலவே இரண்டே இரண்டு எழுத்து எழுதினார்.

வே. மீ.

பின்னாலே வந்த பேராசிரியர் புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

பொய் வெளிப்பட்டுவிட்டது, கடவுள் இருக்கிறார் என்று ஜெயரட்ணம் நினைத்தார். வீட்டில் சங்கிலி இழுக்கிற சத்தம்கூட அவருக்குக் கேட்டது.

பேராசிரியர் மாமியின் முன்னால் மெல்ல முழங்காலில் இருந்தார்.

"எழுத்து சாகவில்லை," என்றார். "கனவான்களே, மன்னனின் கைநாட்டை அட்சரம் பிசகாமல் எழுதுகிற ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஓஸ்கிரிமின் சந்ததி இங்கிருந்து கப்பலேறிச் சிலோனுக்குப் போயிருக்கிறது. இதோ, கடைசி ஆங்கிலோ-சாக்சன்!"

"நிறம்?" என்று கேட்டார் ஒரு பத்திரிகைக்காரர்.

"ஆயிரத்து முந்நூறு வருட வெயில்," என்றார் பேராசிரியர்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்மூடித் திறக்கிற நேரத்தில் நடந்தது. மாமி பேணியைக் கேட்டுத் திட்டிய திட்டெல்லாம் நாடாவில் பதிவாகி, தொன்மையான சாக்சன் ஒப்பாரி என்று வானொலியில் போனது. விமான நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்த குடிவரவு இலாகா, வீட்டுக்கே வந்து பத்து நிமிடத்தில் ஆயுட்கால வதிவிட உரிமை கொடுத்தது. படிவத்தில் இனம் என்ற இடத்தில் "ஆங்கிலோ-சாக்சன் (பழையது)" என்று அலுவலரே எழுதினார். ஜெயரட்ணத்தின் சொந்த விண்ணப்பம் இரண்டு வருடமாக எங்கேயோ கிடந்தது. அதைப்பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் முறைப்படிதான் நடக்கும் என்று அதே அலுவலர் கண்டிப்பாகச் சொன்னார்.

"சாக்சனெண்டால் என்ன தம்பி?" என்று கேட்டார் மாமி.

"எனக்கும் சரியாத் தெரியேல்லை மாமி. பேசாமல் ஓமெண்டு சொல்லுங்கோ."

திங்கட்கிழமை காலை பில்பீம் வந்து குசினிக் கதிரையில் இருந்தார். முகத்தில் ஆழ்ந்த வேதனை.

"ஒரு செய்தி கேள்விப்பட்டோம். ஒரு சாக்சன் சீமாட்டி, இந்த வயதில், மழையில் மூன்று தெரு தள்ளி நடந்து... சொல்லவே கூசுகிறது. இது ஒரு நாகரிக நாடு, மிஸ்டர் ஜெயரட்ணம். நீங்கள் ஏன் முதலிலேயே முறையிடவில்லை?"

சத்தியபாமா அப்போதுதான் சிறி வீட்டிலிருந்து நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். ஒன்பதாம் மாதம். பில்பீம் அவளுக்காகத் தன் காலை மட்டும் சற்று ஒதுக்கிக்கொண்டார்.

நாளைக்கே குழாய் வரும் என்று சபை தீர்மானித்திருந்தது. கிடங்கு பாதுகாக்கப்பட்ட களத்தின் நட்டநடுவால் போகும். தேசிய அவசரம் என்றால் எதையும் வெட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். மன்னனின் எலும்பை மூன்று பெட்டிகளில் அடைத்து, கொடி போர்த்தி, காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலி கழன்றது.

செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் வந்து வெட்டினார்கள். முன்பு வெட்டிய ஆழத்துக்குக் கீழே இன்னும் நாலடி போனபோது மண்வெட்டி கல்லில் பட்டது. கரி படிந்த கற்கள் வட்டமாக அடுக்கியபடி இருந்தன. நடுவே சுட்ட களிமண் உருண்டைகள், கருகிய சின்ன எலும்புகள், விளிம்பு கூராகத் தட்டிய ஒரு கறுத்தக் கல். கீழே கைமொத்தத்துக்குச் சாம்பல், அதற்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே மறுபடி சாம்பல்.

கிடங்கின் ஓரத்தில் கதிரை போட்டு இருந்த மாமி எட்டிப் பார்த்தார்.

"இது அடுப்பெல்லே தம்பி? ஆரோ கனகாலம் இருந்து சமைச்சிருக்கினம். ஒரு தரம் ரெண்டு தரமில்லை, தலைமுறை தலைமுறையா. ஆரின்ர அடுப்பெண்டு கேளுங்கோ."

ஜெயரட்ணம் கேட்டார். பில்பீம் கிடங்குக்குள் ஒரு பார்வை பார்த்தார். குனியவில்லை. "எழுத்து ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"கிண்ணம், வாள்?"

"இல்லை."

"அப்படியானால் ஒன்றுமில்லை. கல்லுத்தான். இங்கே முன்னர் யாரும் இருக்கவில்லையே." பையைத் திறந்தார். "ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. காணிக்காரராகிய உங்களுக்கு ஆட்சேபனை ஏதாவது இருந்தால் படிவம் ஒன்பதில் எழுதலாம். எழுதினால் விசாரணை முடியும்வரை குழாய் வேலை நிற்கும். அவ்வளவுதான்."

படிவம் ஜெயரட்ணத்தின் கைக்கு வந்தது. இந்த இரண்டு மாதமும் இந்த மனிதர்களின் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சொல்லி வயிறெரிந்தவர் அவர். கல்லைப் பார்த்தார். சாம்பலைப் பார்த்தார். பின்கதவில் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தியபாமா நின்றாள். 

"ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆங்கிலத்தில்தான் வைத்தார்.

கற்களை ஒரு ட்ரக்கில் அள்ளிப் போட்டார்கள். எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேட்டதற்கு, புதிதாக ஒரு கார் நிறுத்துமிடம் கட்டுகிறார்கள், அங்கே பள்ளம் நிரப்ப என்றான் சாரதி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் தொட்டியும் சங்கிலியும் ஏறின. முதல் ஆளாக மாமிதான் போகவேண்டும் என்று சபையிலிருந்து உத்தரவு, புகைப்படக்காரரும் வந்திருந்தார். சத்தியபாமா அவர்கள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் சங்கிலி இழுபடுகிற சத்தமும் தண்ணீர் பாய்கிற சத்தமும் கேட்டன. வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மாமி மட்டும் தட்டவில்லை. பின்படியில் நின்று, மூடிய கிடங்கின் புதுமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருமே இருக்கேல்லை எண்டு சொல்லினமோ தம்பி?"

"ஓம் மாமி."

"அப்ப அவ்வளவு சாம்பலும் ஆரின்ர?"

ஜெயரட்ணம் வளவின் கோடியைப் பார்த்தார். தகரக் கொட்டில் அங்கேயே நின்றது. சாக்சன் காலத்துக் கழிப்பறை என்று அதன் நெற்றியில் ஒரு புதிய பலகை அடித்திருந்தார்கள். அதற்கும் அவர் ஆட்சேபனை சொல்லவில்லை.